சுற்றத்தாரோடு சுற்றுலா செல்வோம்

பள்ளி விடுமுறை என்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், பெற்றோருக்கோ கவலை. விடுமுறை நாள்கள் எவ்வாறு கழிகின்றன என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போமாக. காலை முதல் இரவு வரை கைப்பேசியோடும் தொலைக்காட்சியோடும் பொழுதைப் போக்கும் பிள்ளைகள் பலர். பேரங்காடிகளைச் சுற்றிவந்து, கையிலுள்ள பணத்தைச் செலவழித்துவிட்டு வீடு திரும்பும் குடும்பங்களும் பல. இவற்றால் பிள்ளைகள் பெறும் பயன் யாது?

ஆண்டுக்கு ஒரு முறையேனும் உறவினர் குடும்பங்களோடு சேர்ந்து புறப்பட்டு, நம் நாட்டின் மலைகளையும் குகைகளையும் நடந்து சென்று கண்டுவருதல் வேண்டும் என்பது எங்கள் கருத்து. சென்ற விடுமுறையில் நாங்கள் மேற்கொண்ட பயணத்தையே சான்றாக வைத்து, அதற்கான காரணங்களை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

முன்னாளில் தோட்டப்புறங்களில் உறவினரைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. ஒரே லயத்தில் பெரியப்பா ஒரு வீட்டிலும், அத்தை மறு வீட்டிலும், மாமா எதிர் வீட்டிலும் இருந்தனர். பிள்ளை எந்த வீட்டில் பசியாறினான் என்று எவரும் கணக்குப் பார்த்ததில்லை. 1950களிலும் 1960களிலும் நிகழ்ந்த தோட்டத் துண்டாடல் பல குடும்பங்களை இடம்பெயரச் செய்தது. பின்னர் ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. சுற்றத்தார் திசைக்கு ஒருவராகச் சிதறினர்.

இன்று நாம் ஒருவரையொருவர் காண்பது திருமண வீட்டிலும் இழவு வீட்டிலுமே. அங்கும் பெரியவர்கள் பெரியவர்களோடு பேசிக்கொண்டிருக்கப் பிள்ளைகள் ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கின்றனர். "இவரை நான் என்ன முறை சொல்லி அழைப்பது?" என்று கேட்கும் பிள்ளைகள் நம்மிடையே பெருகிவருகின்றனர். முறைப்பெயர் மறந்தால் உறவும் மெல்ல மெல்ல மறக்கும் என்பதில் ஐயமில்லை.

இதனை எண்ணியே நாங்கள் நான்கு குடும்பத்தார் ஒன்று கூடினோம். ஒரு குடும்பம் கோல சிலாங்கூர் அருகே செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறது. மற்றவை கிள்ளானிலும் ஜொகூர் பாருவிலும் சுங்கை சிப்புட்டிலும் வாழ்கின்றன. பெரியவர்களும் பிள்ளைகளுமாக மொத்தம் பத்தொன்பது பேர். முதல் மூன்று குடும்பத்தார் தஞ்சோங் மாலிமில் சந்தித்து, ஒரு வேனிலும் ஒரு காரிலுமாக வடக்கு நோக்கிப் புறப்பட்டோம். புளிச்சோறும் நெத்திலிச் சம்பலும் அவித்த முட்டையும் எங்களோடு வந்தன.

1994ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சென்றிருந்தால் விரைவாகச் சேர்ந்திருக்கலாம். எனினும் பெரியப்பாவின் விருப்பப்படி பழைய சாலையிலேயே சென்றோம். சிலிம் ரிவர், பீடோர், தாப்பா, கம்பார் என ஊர்கள் ஒவ்வொன்றாக வந்தன. பீடோர் அருகே, தாம் இளமையில் பால்மரம் சீவிய தோட்டம் இருந்த இடத்தைப் பெரியப்பா காட்டினார். இப்போது அங்கே செம்பனை மரங்களே நிற்கின்றன. பிள்ளைகள் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தனர். தங்கள் பாட்டி விடியுமுன் எழுந்து பால் வாளி சுமந்த மண் அதுவென்று அறிந்தபோது, அதுவரை விளையாடிக்கொண்டிருந்தவர்களும் அமைதியாயினர். நெடுஞ்சாலையில் சென்றிருந்தால் இப்பாடம் கிட்டியிருக்குமா?

நாங்கள் நாடிச் சென்றது பேராக் மாநிலத்தில், கோப்பெங் நகருக்கு அருகிலுள்ள குவா தெம்புரோங் என்னும் குகையாகும். மலாய் மொழியில் 'தெம்புரோங்' என்பது தேங்காய்ச் சிரட்டையைக் குறிக்கும். கவிழ்த்து வைத்த சிரட்டையைப் போல் குகையின் கூரை வளைந்து நிற்பதால் அப்பெயர் வந்தது. மலையை ஊடுருவிக்கொண்டு ஓர் ஆறு பாய்கிறது. இருபுறமும் பாறைச் சுவர்கள் உயர்ந்து நிற்க, நடுவே நீர் சலசலக்க, நாம் எறும்புகளைப் போல் நடந்து செல்கின்றோம்.

மாணவச் செல்வங்களே! பத்துமலையின் 272 படிகளை ஏறாதவர் நம்முள் மிகச் சிலரே. அந்தப் பத்துமலையும் கிந்தா பள்ளத்தாக்கின் இக்குன்றுகளும் ஒரே வகையான சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர்க் கடலில் வாழ்ந்த சிற்றுயிர்களின் ஓடுகள் படிந்து, இறுகிப் பாறையாயின. பின்னர் அப்பாறை நிலமாக உயர்ந்தது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கலந்துகொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்நீர் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைத்தே இத்துணைப் பெரிய குகைகளைக் குடைந்தது. கூரையிலிருந்து சொட்டும் நீர் தான் சுமந்துவந்த சுண்ணாம்பை விட்டுச் செல்ல, ஆலம் விழுதைப் போன்ற கல்விழுதுகள் உருவாகின்றன. அவை ஆயிரம் ஆண்டில் வளர்வது சில அங்குலமே. கையால் தொட்டால் நம் தோலின் எண்ணெய்ப் பசை ஒட்டி அவ்வளர்ச்சி கெடும். ஆதலின் கண்ணால் காண்பதே முறை.

நூலில் ஒரு பக்கத்தில் படிக்கும் இச்செய்தியை, தலையில் ஒரு சொட்டு நீர் விழ, அண்ணாந்து பார்த்து அறியும் பிள்ளை என்றும் மறவான். இக்குன்றுகளுள் சில சிமெந்துக்காகவும் சலவைக்கல்லுக்காகவும் உடைக்கப்பட்டு வருகின்றன. எனவே காண வேண்டியவற்றைக் காலத்தே காண்போமாக.

குகையில் படிகளும் நடைபாதையும் அமைந்த வழி ஒன்று உண்டு. ஆற்றில் இறங்கி, சில இடங்களில் தவழ்ந்து செல்லும் வழி மற்றொன்று. பிள்ளைகள் பெரிதும் ஆவலோடு காத்திருந்தது ஆற்று வழிக்கே. முதல் வழியை முடித்துத் திரும்பியபோது வழிகாட்டி இளைஞர் எங்களைத் தடுத்தார். மலைமேல் மழை கறுத்திருப்பதாகவும், ஆற்று வழி அன்று இயலாது என்றும் கூறினார்.

பிள்ளைகளின் முகம் வாடியது. எங்களுள் சிலருக்குச் சினமும் வந்தது. "இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் தம்பி, நீர் முழங்கால் அளவுதானே ஓடுகிறது?" என்று வழக்காடினோம். அப்போது பெரியப்பா குறுக்கிட்டார். "குகை எங்கும் ஓடிப்போகாது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வாருங்கள்" என்றார். மறுத்துப் பேச எவருக்கும் மனம் வரவில்லை. வெளியே வந்து, மழை பெய்யும்வரை காத்திராமல், சுங்கை சிப்புட் அத்தை கொண்டுவந்திருந்த தேநீரைப் பருகிவிட்டுப் புறப்பட்டோம். அன்று ஆற்றில் வெள்ளம் வந்ததா என்று நாங்கள் விசாரிக்கவில்லை. வந்திராவிட்டாலும் நாங்கள் செய்தது சரியே.

அன்றைய பயணத்தில் பிள்ளைகள் பெற்ற தலையாய பாடம் இதுவே என்று நாங்கள் கருதுகின்றோம். விரும்பியது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, பெரியவர் சொல் கேட்டுத் திரும்பி நடத்தல் எளிதன்று. அதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லால் கற்பிக்க இயலாது. நாமே திரும்பி நடந்து காட்டுதல் வேண்டும். வழக்காடிய எங்களைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தனர் என்பதை எண்ணி இன்றும் நாணுகின்றோம்.

அருவிகளிலும் மலையாறுகளிலும் நேரும் மரணங்களைப் பற்றி நாளிதழ்களில் படிக்கின்றோம். கீழே வெயில் காயும் வேளையிலும் மேல் மலையில் பெய்த மழை திடீரெனப் பெருக்கெடுத்து வருவதுண்டு. மலாய்க்காரர்கள் இதனைக் 'கெப்பாலா ஆயேர்' என்பர். தெளிந்த நீர் கலங்கினாலும், சருகும் குச்சியும் மிதந்து வந்தாலும், நீரின் இரைச்சல் மாறினாலும், பொருள்களை எடுக்கவும் நில்லாமல் உடனே மேடேறுதல் வேண்டும். வழிகாட்டியின்றி ஆற்றுக் குகைக்குள் நுழைதல் கூடாது. வழுக்காத காலணி, கைவிளக்கு, குடிநீர் ஆகியவை தேவை. ஒவ்வொரு சிறுவனுக்கும் சிறுமிக்கும் தன் வீட்டாரல்லாத உறவினர் ஒருவரைத் துணையாக வைத்தல் நன்று. நாங்கள் அவ்வாறே செய்தோம். காலையில் அத்தையின் முகம் அறியாதிருந்த ஜொகூர் பாருச் சிறுவன், வழுக்குப் படிகளில் "அத்தை, கையைப் பிடியுங்கள்" என்று அழைத்தான். ஆற்று வழி மூடியதால் உண்டான எங்கள் ஏமாற்றமெல்லாம் அந்த ஒரு சொல்லில் தீர்ந்தது.

"தோட்டத் தொழிலாளிக்குச் சுற்றுலாவா? பணம் எங்கே? நேரம் எங்கே?" என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. கடன் வாங்கிச் சுற்றுலா செல்லுதல் கூடாது என்பதே எங்கள் கருத்தும் ஆகும். நாங்கள் விடுதியில் தங்கவில்லை. அன்றிரவு அத்தை வீட்டில் பாய் விரித்துப் படுத்தோம். எண்ணெய்ச் செலவையும் வேன் வாடகையையும் வருவாய்க்கு ஏற்பப் பகிர்ந்துகொண்டோம். உணவு வீட்டில் சமைத்தது.

நேரத்தைப் பொறுத்தமட்டில், 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் தொழிலாளர்க்குச் சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுப்பை வகுத்துள்ளது. ஓராண்டு நிறைந்து இரண்டாண்டுக்குக் குறைவாகப் பணியாற்றியவர்க்கு 8 நாள், ஐந்தாண்டுக்குக் குறைவானவர்க்கு 12 நாள், அதற்கு மேற்பட்டவர்க்கு 16 நாள் குறைந்த அளவாகும். இவ்விடுப்பு முழுவதையும் திருமணத்திற்கும் இழவிற்குமே செலவிடுகின்றோம். அவற்றுள் இரண்டு நாளை வாழும் பிள்ளைகளுக்காக ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

அன்பார்ந்த பெற்றோர்களே! வரும் விடுமுறைக்கு முன்னரே ஒரு நாள் உறவினரை அழைத்துப் பேசுங்கள். நெடுந்தூரம் செல்ல இயலாவிடில் அருகிலுள்ள குன்றுக்கேனும் சேர்ந்து நடவுங்கள். மாணவர்களே! புறப்படுமுன் உங்கள் உறவினர் பெயர்களையும் முறைகளையும் ஓர் ஏட்டில் எழுதிக்கொள்ளுங்கள். திரும்பும்போது அவ்வேடு தேவைப்படாது. எங்கள் பிள்ளைகள் அடுத்த விடுமுறையில் அவ்வாற்று வழியைக் காண மீண்டும் செல்ல வேண்டும் என்கின்றனர். வானம் இடம் கொடுத்தால் செல்வோம். கொடாவிடில் மறுபடியும் அத்தை கையால் தேநீர் பருகித் திரும்புவோம்.