பதின்மூன்று கிலோ முகாம் பை

கடந்த ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் என் மகனுக்குச் சாரணர் முகாம். தரம் 8 பிள்ளை. இரண்டு இரவு கூடாரத்தில் தங்க வேண்டும், வாழ்க்கையில் முதல் தடவை. புறப்படுவதற்கு முதல் நாள் பையோடு பசறைப் பக்கத் தோட்டத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். லயத்துக்குக் கீழேதான் கொழுந்து மடுவம். அந்தி நிறுவை நடந்துகொண்டிருந்தது. என் தம்பி விளையாட்டாகப் பையை வாங்கித் தராசுக் கொக்கியில் மாட்டினான். முள் 13 கிலோவைத் தாண்டி நின்றது. வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அம்மா சிரிக்கவில்லை. "இன்னும் அஞ்சு கிலோ போட்டியன்னா புள்ள முழுப் பேரு போட்டுரும்" என்றார்.

அந்தத் தோட்டத்தில் ஒரு நாள் பேருக்கு 18 கிலோ கொழுந்து. என் மகனின் எடை 41 கிலோ.

பையைக் கட்டியது நான். கட்டும்போது ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு நியாயம் இருந்தது. குளிருமே என்று இரண்டு ஜீன்ஸ். பசிக்குமே என்று பிஸ்கட் பெட்டி, மிக்சர், கண்ணாடிப் போத்தலில் தேசிக்காய் ஊறுகாய். தண்ணீர் கிடைக்காதோ என்று இரண்டு லீற்றர் போத்தல் இரண்டு. அடியில், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, கணித வினாத்தாள் தொகுப்பு. விடுமுறை முடிந்ததும் பரீட்சையாம். மலை உச்சியில் டோர்ச் வெளிச்சத்தில் அவன் சமன்பாடு போடுவான் என்று நான் நினைத்திருக்கிறேன்.

வளரும் பிள்ளை தன் எடையில் பத்தில் ஒரு பங்கு சுமக்கலாம், மிஞ்சிப்போனால் நூற்றுக்குப் பதினைந்து என்பார்கள். 41 கிலோப் பிள்ளைக்கு அது நாலு முதல் ஆறு கிலோ. நான் ஏற்றியது மூன்றில் ஒரு பங்கு. அன்றிரவு இன்னொரு சந்தேகம் வந்தது. வீட்டுக்குத் திரும்பியதும் டியூஷன் உள்ள நாளில் அவன் கொண்டுபோகும் பாடசாலைப் பையை நிறுத்துப் பார்த்தேன். ஏழு கிலோ. முகாம் பையைப் பார்த்து ஊரே சிரித்தது. இந்தப் பையைப் பார்த்து ஏன் யாருமே சிரிக்கவில்லை? நம்மில் எத்தனை பேர் அதை ஒரு தடவையாவது தூக்கிப் பார்த்திருக்கிறோம்?

பை வாங்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன். பதுளை நகரில் ஒரு கடை. மகன் ஒரு சின்னப் பையைக் காட்டினான். 35 லீற்றர், சாம்பல் நிறம். எனக்குப் பிடிக்கவில்லை. "வளருற புள்ள" என்று 65 லீற்றர் பையை எடுத்தேன். வெள்ளைச் சீருடையை இரண்டு அளவு பெரிதாகத் தைத்து மடித்து விடுகிறோமே, அதே புத்திதான். விலை 18,900 ரூபாய். 2024 செப்டம்பரில் 1,350 ரூபாயாக்கப்பட்ட தோட்டத்து அடிப்படை நாட்சம்பளத்தில் கணக்குப் பார்த்தால் 14 நாள் பேர். என் அம்மா மலையில் நின்ற 14 நாள்.

சீருடையை மடிக்கலாம், பையை மடிக்க முடியாது. முதுகுப் பையின் பாரம் தோளில் தொங்கக் கூடாது, இடுப்பில் உட்கார வேண்டும். கழுத்தைக் குனித்தால் புடைக்கும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்பு வரை முதுகை ஒரு நாடாவால் அளந்து, அந்த நீளத்துக்குப் பொருந்தும் பையைத்தான் எடுக்க வேண்டும். என் மகன் அந்த 65 லீற்றரைப் போட்டபோது இடுப்புப் பட்டி தொடையில் கிடந்தது. கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவரைப் பேசவிடவில்லை. பெரிய பைக்கு இன்னொரு குணமும் உண்டு: இடம் இருந்தால் நிரப்பச் சொல்லும். 35 லீற்றர் வாங்கியிருந்தால் ஊறுகாய்ப் போத்தல் வீட்டிலேயே இருந்திருக்கும்.

இவ்வளவு பெரிய பை யாருக்காக வாங்கினேன்? அவன் முதுகுக்கா, பாடசாலை வாசலில் நிற்கப்போகும் மற்றத் தாய்மாரின் கண்ணுக்கா?

முகாமுக்கு முன்னால் பெற்றோர் கூட்டம் நடந்தது. ஆசிரியர் கொடுத்த பட்டியல் சின்னது: போர்வை, தட்டு, கோப்பை, டோர்ச், மாற்றுடுப்பு, மழைக்கோட்டு. அதை நீட்டியது நாங்கள்தான். தூங்கும் பை எல்லோருக்கும் வேண்டும் என்றார் ஒருவர். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் ஜாக்கெட் இருந்தால் படத்தில் அழகாக இருக்கும் என்றார் இன்னொருவர். தலையாட்டியவர்களில் நானும் ஒருத்தி. பின்வரிசையில் ஒரு தகப்பன், மலை வேலை முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்தவர், பட்டியலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அவருடைய பிள்ளை முகாமுக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். அது என்ன காய்ச்சல் என்று எனக்குத் தெரியும். 1980களில் பாடசாலைச் சுற்றுலா வரும்போதெல்லாம் எனக்கும் அதே காய்ச்சல் வரும்.

உண்மையில் தொடக்கக்காரப் பிள்ளைக்கு என்ன வேண்டும்? பணத்தை முதலில் காலில் போடுங்கள். புதுச் சப்பாத்து வாங்கி முகாமன்றே மாட்டிவிடாதீர்கள். ஏற்கனவே போட்டுப் பழகிய, அடிப்பாகம் தேயாத ஓட்டச் சப்பாத்து போதும். அட்டைக்கு நம் பெண்கள் செய்வதுதான் வைத்தியம், காலுறை மேல் சவர்க்காரத்தைத் தேய்த்துவிடுவது. அடுத்தது உடுப்பு. மூடுபனிக் காலத்தில் லயத்துக் கொடியில் ஜீன்ஸ் மூன்று நாள் காயாமல் தொங்குவதைப் பார்த்த நமக்கு இதை ஒருவர் சொல்லித்தர வேண்டுமா? ஈரமான பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். பந்து விளையாடப் போடும் மெல்லிய பொலியெஸ்டர் சட்டை சீக்கிரம் காயும், ஞாயிற்றுச் சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். மேலே ஒரு கம்பளிச் சட்டை. மழைக்கு மழைக்கோட்டு. பைக்குள் குப்பைக்கென்று விற்கும் கறுப்புப் பொலித்தீன் பை ஒன்றை விரித்து, எல்லாவற்றையும் அதற்குள் வைத்து வாயைக் கட்டினால் விலையுயர்ந்த பை உறை தேவையில்லை.

தூக்கத்தில்தான் நாம் அதிகமாக ஏமாறுகிறோம். குளிர் மேலிருந்து வருகிறது என்று நினைத்துப் போர்வை மேல் போர்வை அடுக்குகிறோம். குளிர் தரையிலிருந்து ஏறுகிறது. ஹப்புத்தளைப் பக்கம் 1,400 மீற்றருக்கு மேல், கச்சான் காற்று அடிக்கிற ஓகஸ்ட் இரவில், இரண்டு போர்வையில் ஒன்றைக் கீழே மடித்துப் போட்ட பிள்ளை தூங்கும். இரண்டையும் மேலே போட்ட பிள்ளை விடிய விடிய நடுங்கும். தளபாடம் பொதி செய்து வரும் தடித்த நுரை விரிப்பில் ஆளளவு துண்டு வெட்டிச் சுருட்டினால் அரைக் கிலோ கூட வராது. அதன் மேல் பாய், அதன் மேல் பிள்ளை. முதல் இரண்டு மூன்று முகாமுக்குத் தூங்கும் பை வேண்டியதில்லை. கூடாரம் வாங்கவே வாங்காதீர்கள். அது குழுவின் பொறுப்பு, இல்லையென்றால் வாடகைக்குக் கிடைக்கும். மலிவான ஒற்றைத் துணிக் கூடாரத்துக்குள் வெளியில் பெய்யாத மழையும் பெய்யும். மூச்சுக் காற்று துணியில் பட்டு நீராகிச் சொட்டும்.

என் அம்மா கொடுத்தனுப்பிய கம்பளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழுந்து மலையில் மழைக்குத் தலையில் போட்ட பழைய கறுப்புக் கம்பளி. எங்கள் ஆட்கள் அதைப் பெருமையாகப் பேசுவார்கள், நானும் பேசுவேன். ஆனால் நனைந்தால் அது ஒரு கல். பழையது என்பதாலேயே நல்லதாகிவிடாது. கூடாரத்துக்குள் தரையில் விரிக்க அதைப்போல் ஒன்றில்லை. மழையில் சுமக்க வேண்டாம்.

வீட்டில் இன்னொரு குரலும் உண்டு. என் கணவர் கேட்டார்: "தாத்தாவும் அப்பாவும் மூட்ட தூக்குனது போதாதா? காசு குடுத்து இவனும் மலையில மூட்ட தூக்கணுமா?" இதற்கு என்னிடம் சட்டென்று பதில் இருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகள் நாம். அவர்கள் முதுகில் சட்டி, பாய், கைப்பிள்ளை, கங்காணி கணக்கில் எழுதிய கடன். வழியில் விழுந்தவர்கள் ஏராளம். அந்த நடையை மறக்கத்தான் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம் என்று நினைக்கிறோம். அதே மாத்தளையில், கிறிஸ்து தேவாலயக் கல்லூரியில், 1912இல் இலங்கையின் முதல் சாரணர் குழு தொடங்கியது. கூலிக்கும் கடனுக்கும் நடப்பது ஒன்று, வேடிக்கை பார்க்க நடப்பது வேறு. இந்த வித்தியாசம் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. நமக்குத்தான் காலில் பழைய வலி.

இப்போது பீக்கோ பாதை நம் லயங்களுக்குப் பக்கத்திலேயே போகிறது. கண்டி ஹந்தானையில் தொடங்கி, 22 பகுதிகளாக, 300 கிலோ மீற்றருக்கு மேல் தேயிலை மலைகளைச் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. ஹப்புத்தளையும் எல்லவும் அதில் வருகின்றன. எங்கிருந்தோ வந்தவர்கள் சின்னப் பையோடு கை வீசி நடக்கிறார்கள். நம் பிள்ளைகள் வேலியோரம் நின்று கையசைக்கிறார்கள். நமுனுகுலயைத் தினமும் ஜன்னலில் பார்த்து வளரும் பிள்ளைக்கு அதன் உயரம் 2,036 மீற்றர் என்று பாடத்தில் தெரிகிறது. அதன் சரிவில் ஒரு இரவு தூங்கிப் பார்த்திருக்கிறதா?

பயப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதைப் பார்த்த மாகாணம் இது. ஆனால் அந்தப் பயத்தைப் பிஸ்கட் பெட்டியாக மாற்றிப் பைக்குள் அடைப்பதால் என்ன பயன்? பெற்றோர் கூட்டத்தில் கேட்க வேண்டியதை நான் கேட்கவில்லை. கூடாரம் எந்தச் சரிவில்? ஒக்டோபர், நவம்பர் மழைக்கும் இடிக்கும் தப்பிய மாதமா? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையை யார் பார்ப்பார்கள்? வரட்சியில் பற்றியெரியும் பத்தனைப் புல்லுக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டப் போகிறார்களா? ஜாக்கெட்டின் நிறத்துக்கு நாற்பது நிமிடம் செலவழித்தோம். இவற்றில் ஒன்றையும் யாரும் கேட்கவில்லை.

முகாம் முடிந்து அவன் வந்த மாலை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. தோளில் இரண்டு சிவப்புத் தடம். பிஸ்கட் பெட்டி பிரிக்கப்படவில்லை. ஊறுகாய்ப் போத்தல் உடைந்து வினாத்தாள் தொகுப்பு முழுக்க எண்ணெய். ஒரு ஜீன்ஸ் நனைந்து, மற்றது அதனோடு சேர்ந்து நனைந்து, கடைசியில் நண்பனின் பந்து விளையாடும் காற்சட்டையில் வந்திருந்தான். நான் கேட்ட முதல் கேள்வி, "சின்னம் ஏதாவது குடுத்தாங்களா?" ஜனாதிபதிச் சாரணர் விருது வரைக்கும் என் மனம் ஏற்கனவே ஏணி போட்டிருந்தது. அவன் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா, ராத்திரி மூடுபனி கூடாரத்துக்குள்ளயே வந்துச்சு, நட்சத்திரம் கிட்ட இருந்துச்சு" என்றான். மூடுபனியும் நட்சத்திரமும் ஒரே நேரத்தில் எப்படி என்று திருத்தப் போனேன். நல்ல வேளை, வாயை மூடிக்கொண்டேன்.

இந்த முறை அவனே கட்டுகிறான். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய 30 லீற்றர்ப் பை, நுரை விரிப்புத் துண்டு, இரண்டு போர்வை, ஒரு ஜீவனிப் பொட்டலம், விசில். நேற்று மளிகைக் கடைத் தராசில் நிறுத்தோம். தண்ணீரோடு ஐந்தரைக் கிலோ. எதையாவது மறந்தால் மறக்கட்டும். மறந்த சாமான் இல்லாமல் இரண்டு நாள் சமாளிப்பதும் அவன் பாடு.

காய்ச்சல் என்று சொன்ன பிள்ளையின் தகப்பனை இந்த முறை கூட்டத்துக்கு முன்னரே போய்ப் பார்த்தேன். பட்டியலில் இருப்பவை போதும், மேலதிகமாக ஒன்றும் வேண்டாம் என்று நாலு பெற்றோர் சேர்ந்து ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். உங்கள் பிள்ளையின் குழுவிலும் யாராவது எழுதிக் கொடுங்கள். அந்த 65 லீற்றர்ப் பை எங்கள் பரணில் சும்மா கிடக்கிறது. உயர்தரம் படிக்கும் உயரமான பிள்ளை யாருக்காவது பொருந்துமென்றால் வந்து எடுத்துப் போங்கள். முதுகை அளந்துவிட்டு வாருங்கள்.