மெஷின் ஓடினால் வரும் காட்டாறு

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் எங்கள் கூட்டம் வருஷத்துக்கு ஒருமுறை ஆறு பார்க்கக் கிளம்பும். போன தடவை கர்நாடகத்தின் தாண்டேலி. திருநின்றவூரிலிருந்து மின்சார ரயில், பிறகு இரவு ரயில், பிறகு வேன் என்று போய்ச் சேர்ந்தோம். காலையிலேயே ராஃப்டிங்குக்காக லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, ஹெல்மெட் வாரை இறுக்கி, கணேஷ்குடி பக்கம் காளி ஆற்றங்கரையில் உட்கார வைத்துவிட்டார்கள். ஆற்றில் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. ஒரு மணி நேரம் போனது. வழிகாட்டிப் பையனிடம் கேட்டேன். "இன்னும் தண்ணி விடல சார். மேல மெஷின் ஓடினாத்தான் வரும்" என்றான்.

என் காலடிப் பாறையில் ஒரு சின்னக் குழி, அதில் ஒரு காய்ந்த இலை. பேசிக்கொண்டிருக்கும்போதே இலை அசைந்தது, மிதந்தது, குழி நிரம்பி வழிந்தது. கொஞ்ச நேரத்தில் பாறையையே காணோம். எல்லாரும் கைதட்டிக் கூச்சலிட்டோம். காட்டாறு வந்துவிட்டது!

மேலே இருப்பது சூப்பா அணை. 1987-ல் கட்டி முடித்தது, நூறு மீட்டருக்கு மேல் உயரம். அதன் அடிவாரத்து மின்நிலையம் ஓடும்போது வெளியேறும் தண்ணீரில்தான் ராஃப்ட் மிதக்கிறது. சூப்பா என்ற ஊர் அந்த நீர்த்தேக்கத்துக்குள் கிடக்கிறது. அதன் ஜனங்கள் ராம்நகரில் குடியேற்றப்பட்டவர்கள். நாங்கள் கொடுத்த காசுக்கு வந்த 'மனிதக் கை படாத ஆறு' இதுதான்.

அந்தப் பயணத்தை நான் குறை சொல்லவில்லை. பையன் துடுப்பு பிடித்த விதம் அபாரம். எங்களைப் பத்திரமாகக் கரை சேர்த்தான். நான் எதிர்ப்பது எங்கள் தலைக்குள் இருந்த ஒரு நம்பிக்கையை. நல்ல ஆறு என்றால் அது தூரத்தில், காட்டுக்குள், யார் கையும் படாமல் இருக்கும். ஆள் வைத்து, காசு கட்டிப் போய்ப் பார்க்க வேண்டும். ஊர்ப்பக்கம் ஓடுவது சாக்கடை. இந்த நம்பிக்கை படித்தவர் வீட்டில்தான் அதிகம். இது தவறு, தவறு மட்டுமல்ல, கெடுதலும்கூட.

ஒகேனக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பரிசலில் ஏறியதும் காவிரியின் சுதந்திரத்தைப் பார்த்துவிட்டதாக நினைக்கிறோம். அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி கிருஷ்ணராஜசாகரிலும் கபினியிலும் மதகு திறந்து வந்தது. நமக்குச் சற்று மேலே பிலிகுண்டுலுவில் அதை அளந்து கணக்கு எழுதுகிறார்கள். ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. அந்த இடத்தில் தமிழ்நாட்டுக்குச் சேர வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலை நிறுத்துகிறது. நீதிமன்றமும் மதகும் தீர்மானிக்கும் ஆறு அது.

மீன் விஷயம் இன்னும் வேதனை. ஒகேனக்கல்லுக்கு மேலே, கர்நாடகப் பக்கம், பீமேஸ்வரி, தொட்டமாக்கலி, கலிபோரே என்று தூண்டில் முகாம்கள் இருந்தன. மஹசீர் என்ற பெருங்கெண்டையைப் பிடிக்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்தார்கள். 1946-ல் கபினி ஆற்றில் வான் இங்கன் என்பவர் பிடித்தது 120 ராத்தல், அதாவது 54 கிலோ. முதுகு திமில்போல் எழும்பிய அந்த மீன் காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடுவது முகாம்களின் விதி. காவலாளும் இருந்ததால் வெடி வைத்து மீன் பிடிப்பவர்கள் ஒதுங்கினார்கள். ஆகவே ஆறு காப்பாற்றப்படுகிறது என்று எல்லாரும் நம்பினார்கள்.

நடந்தது வேறு. கிருஷ்ணா படுகையைச் சேர்ந்த நீலத்துடுப்பு மஹசீரை லோனாவாலா பொரிப்பகத்தில் வளர்த்து, மஹசீரைப் பெருக்குகிறோம் என்ற நல்லெண்ணத்தோடு காவிரியில் விட்டிருந்தார்கள். தூண்டில்காரர்கள் கையில் மீன் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது, மகிழ்ந்தார்கள். கூடியதெல்லாம் வந்தேறி மீன். திமில் மீன் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் மறைந்துகொண்டிருந்தது. 2018-ல்தான் அதற்கு டோர் ரெமாதேவி என்ற அறிவியல் பெயர் உறுதியானது. அதே ஆண்டில் அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினமாகவும் பட்டியலிடப்பட்டது. அந்தப் பெயர் முதலில் வைக்கப்பட்டது நம் அமராவதியில் வந்து சேரும் பாம்பாற்றில் கிடைத்த மீனுக்கு. பெயர் உறுதிப்படுவதற்குள் மீன் தீரும் நிலைக்கு வந்துவிட்டது.

ஒரு நியாயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இந்தச் சரிவு வெளியே தெரிந்ததே முகாம்களில் எழுதி வைத்த பிடிமீன் பதிவேடுகளால்தான். நாள்தோறும் போய், வந்ததை எழுதிவைத்த கண் அது. அந்தக் கண்ணை நான் மதிக்கிறேன். அதைத் தூரத்து ஆற்றுக்கு மட்டும் வைப்பதோடுதான் என் சண்டை.

தூரத்து நீர் என்றால் நீலகிரியும் உண்டு. அங்கே குளிர்ந்த ஓடையில் நின்று, இறகாலும் நூலாலும் கட்டிய பொய்ப் பூச்சியை வீசி டிரவுட் பிடிப்பதைக் கலப்படமில்லாத இயற்கை அனுபவம் என்கிறார்கள். டிரவுட் இந்த மண்ணின் மீனே அல்ல. 1863-ல் பிரான்சிஸ் டே கொண்டுவரப் பார்த்துத் தோற்றார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்து வெள்ளைக்காரர்கள் தங்கள் பொழுதுபோக்குக்காக அதை வேரூன்றச் செய்தார்கள்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். திருநின்றவூர் ஏரிக்கரையில் காலை ஆறு மணிக்குப் போனால் நாலைந்து பேராவது தூண்டிலோடு உட்கார்ந்திருப்பார்கள். மூங்கில் கழி, தக்கை, ஒரு தேங்காய்ச் சிரட்டையில் மண்புழு. பத்து மீன் விழுந்தால் எட்டு ஜிலேபி. அதுவும் வந்தேறிதான், ஆப்பிரிக்க மீன், 1952-ல் இலங்கை வழியாக இந்தியாவுக்கு வந்தது. மீதி கெளுத்தி, குரவை, அதிர்ஷ்டம் இருந்தால் விரால். காவிரியின் கதையும் எங்கள் ஏரியின் கதையும் ஒன்றே என்று அந்த எட்டு ஜிலேபி சொல்கிறது. அதைப் படிக்க ஆளில்லை.

ஒரு நாள் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் மேல் ஒரு செம்மண் கறை மாதிரித் தெரிந்தது. கறை அமுங்கியது, எழுந்தது, நகர்ந்தது. "விரால் குஞ்சு, தம்பி. அடியில அப்பனும் ஆத்தாளும் நிக்கும். இப்ப போட்டா சட்டுனு கடிக்கும்" என்றார். தூண்டிலைத் தூக்கி அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். ஏன் என்று கேட்டேன். "அதுங்கள எடுத்துட்டா இதுங்கள ஜிலேபி தின்னுடும்." எந்த முகாமும் அவருக்கு விதி எழுதிக் கொடுக்கவில்லை.

கூவமும் இங்கிருந்து தொலைவில் இல்லை. ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டுக்கு பைக்கில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு அங்கே கூவம் ஆறாகவே ஓடும். அங்கிருந்துதான் ஒரு பங்கைப் பங்காரு கால்வாய் வழியே செம்பரம்பாக்கத்துக்குத் திருப்புகிறார்கள். கூவம் என்றாலே மூக்கைப் பிடிக்கும் என் நண்பர்களில் ஒருவர்கூட அதைப் பார்த்ததில்லை. அவர்கள் குழாயில் வரும் தண்ணீரில் அதுவும் சேர்ந்திருக்கிறது.

"ஏரியில் சாக்கடை கலக்கிறதே, அங்கே போய் என்ன பார்க்க?" என்பார்கள். 2021 நவம்பரில் ஏரியை ஒட்டிய தெருக்களில் தண்ணீர் புகுந்து வீட்டுக்குள் நின்றபோது ஏரி எவ்வளவு பெரியது, எது வரைக்கும் அதன் இடம் என்று எல்லாரும் விசாரித்தார்கள். தண்ணீர் வடிந்ததும் விசாரணையும் வடிந்தது. சாக்கடை கலப்பதால் நாம் போகவில்லை என்பது பாதிதான் உண்மை. நாம் போகாததால்தான் துணிந்து கலக்கிறார்கள். மனு எழுதத் தெரிந்தவன், அதிகாரியிடம் கேள்வி கேட்கத் தெரிந்தவன், ஆறு நாள் விடுப்பு எடுத்துத் தாண்டேலியில் தண்ணீருக்காகக் காத்திருக்கிறான். எழுதத் தயங்குகிறவர்தான் தினமும் கரையில் இருக்கிறார்.

போன மாதம் அந்தப் பெரியவர் சட்டைப்பையிலிருந்து ஒரு நாள்காட்டித் தாளை எடுத்து விரித்தார். இரவில் கழிவுநீர் லாரி வந்து ஏரியில் திறந்துவிடுகிறதாம். தாளின் பின்புறம் பென்சிலால் கோணல்மாணலாக மூன்று வண்டி எண்கள். ஒன்றில் கடைசி இரண்டு இலக்கம் இல்லை. சேறு பூசி மறைத்திருந்தார்களாம்.

"இத யார்கிட்ட குடுக்கணும், தம்பி?" என்று கேட்டார்.

நான் தாளை வாங்கி, எண்களை என் போனில் படமெடுத்துக்கொண்டு, தேதியும் நேரமும் கேட்டு எழுத ஆரம்பித்தேன்.