சக்தி தீர்ந்துவிட்டதா?

காளிகாட் கோயில் சந்துகளில் கணவர் நலம் வேண்டி சங்கு வளையலும் இரும்புக் காப்பும் வாங்கும் பெண்கள், அவற்றின் சக்தி எத்தனை வருடம் வரும் என்று கேட்பதில்லை. அது நம்பிக்கை, உத்தரவாத அட்டை கிடையாது. ஆனால் மூட்டுவலிக்குக் காந்தப் பட்டையோ 'சக்திப் பதக்கமோ' வாங்குபவர் விஞ்ஞானத்தின் பெயரால் பணம் கொடுக்கிறார். வலி திரும்பியதும் கேட்கிறார்: சக்தி தீர்ந்துவிட்டதா?

காந்தம் இன்னும் காந்தம்தானா என்பதைக் குண்டூசி சொல்லிவிடும். வலியைக் குறைக்கிறதா என்பதைச் சொல்லாது. விற்பவர் உங்கள் கையை நீட்டச் சொல்லி அழுத்திக் காட்டும் சோதனையும் உதவாது. எவ்வளவு அழுத்துவது என்பது அவர் இஷ்டம்தானே!

சரியான வழி 1799-லேயே தெரிந்துவிட்டது. வலி போக்குவதாக அமெரிக்காவின் பெர்க்கின்ஸ் விற்ற உலோகக் குச்சிகளைப் போலவே மரத்தில் செய்து, வண்ணம் பூசி, இங்கிலாந்தின் பாத் நகரில் நோயாளிகள் மீது தடவச் செய்தார் டாக்டர் ஜான் ஹேகார்த். ஐவரில் நால்வருக்கு நிவாரணம்! முடக்குவாத நோயாளிகள் 70 பேரிடம் காந்தப் பட்டையையும் செப்பு வளையத்தையும் போலிகளோடு ஒப்பிட்ட பிரிட்டிஷ் ஆய்வு 2013-இல் வெளியானது. போலியை மிஞ்சி அசல் எதையும் சாதிக்கவில்லை.

உண்மையிலேயே எதையோ வெளியிடும் பதக்கங்களும் உண்டு. 2021-இல் நெதர்லாந்து அணுப் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய 10 பொருட்களில் கதிரியக்கத்தைக் கண்டு, அணியாதீர்கள் என்று எச்சரித்தது.

முடக்குவாதம் ஒருமுறை அரித்த மூட்டு பழையபடி ஆவதில்லை. பட்டையை நம்பி மருந்தை நிறுத்துவதுதான் பெரிய நஷ்டம்.