பஞ்சாமிர்தமும் ஷாம்பெயினும்

பிரான்சுல ஷாம்பெயின் வட்டாரத்துத் திராட்சையில செஞ்சாத்தான் ஷாம்பெயின்னு பேரு வெக்கலாம். சுண்ணாம்பு மண்ணு, குளிரு, அதுதான் ருசின்னு சாதிப்பாங்க. (எனக்கென்னவோ புளிச்ச சோடா மாதிரிதான் இருந்துச்சு!)

நம்ம பழனி பஞ்சாமிர்தமும் அதே கதைதாங்க. 2019ல புவிசார் குறியீடு வாங்கியாச்சு. ஆனா ருசி இருக்கறது விருப்பாச்சி மலைவாழையில. நீர்ச்சத்து கம்மியான பழம். சொட்டுத் தண்ணி விடாம பிசையறாங்க, அதான் சீக்கிரம் கெடறதில்லை. கூடவே நம்ம கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை.

1970கள்ல முடிக்கொத்து நோய் வந்து மலைத்தோட்டங்கள்ல பெரும்பகுதி போச்சு. மிச்சம் காபிச்செடிக்கு நடுவுல நிக்குது. அந்த விவசாயிக்குக் கட்டுபடியாகலைன்னா, டப்பா மேல முத்திரை மட்டும் இருந்து என்ன பிரயோசனம்? எந்த மலைப் பழம்னு டப்பாவுல எழுதிப் போடுங்கய்யா, பத்து ரூபா சேர்த்தே தரேன்.