மருத்துவர் தவறிழைத்தால் கேட்பவர் யார்?

மருத்துவரிடம் உடலை ஒப்படைக்கும் நோயாளி நம்பிக்கையையும் சேர்த்தே ஒப்படைக்கின்றார். அந்த நம்பிக்கை பொய்த்துப்போனால் யாரிடம் முறையிடுவது? எம்மவரிடையே இக்கேள்வி எழுவது அரிது. எழுந்தாலும், “அடைக்கலம் தந்த நாட்டிலே குறை சொல்லலாமா?” என்ற கூச்சத்திலும், “தஞ்ச வழக்குக்குப் பழுது வந்துவிடுமோ?” என்ற அச்சத்திலும் அது அடங்கிவிடுகின்றது. இவ்வச்சம் ஆதாரமற்றது. சிகிச்சைத் தவறு பற்றிய முறைப்பாட்டிற்கும் தஞ்சக் கோரிக்கைக்கும் சட்டத்தில் எவ்விதத் தொடர்பும் இல்லை.

டுசல்டோர்ஃப் நகரைத் தலைமையகமாகக் கொண்டது நோர்த்ரைன் மருத்துவர் மன்றம். ஜேர்மன் மொழியில் எர்ட்ஸ்டெகாமர் எனப்படும் இம்மன்றத்தில், சிகிச்சைத் தவறுகளை ஆராயும் நிபுணர் ஆணைக்குழு ஒன்று 1975 முதல் இயங்கி வருகின்றது. சட்ட வல்லுநரின் தலைமையில் மருத்துவ நிபுணர்கள் ஆராய்ந்து கருத்துரைப்பர். நோயாளி கட்டணம் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. ஆயினும் அக்கருத்து நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது; நட்டஈட்டுத் தொகையையும் ஆணைக்குழு நிர்ணயிப்பதில்லை.

மருத்துவரை மருத்துவரே விசாரிப்பது நீதியாகுமா? இந்திய அனுபவம் எம்மை எச்சரிக்கின்றது. 2010இல் இந்திய மருத்துவக் கழகத்தின் தலைவர் இலஞ்சக் குற்றச்சாட்டில் கைதானதைத் தொடர்ந்து அக்கழகமே கலைக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1995இல், கட்டணம் பெறும் மருத்துவ சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டதென இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. தொழிலின் காவலரே தவறும்போது, வெளியே ஒரு வாசல் திறந்திருத்தல் அவசியம் என்பதே இதன் பாடம். பிரித்தானியாவிலோ மருத்துவர் பதிவேட்டையும், அதில் குறிக்கப்பட்ட கட்டுப்பாடுகளையும் எவரும் பார்வையிடலாம். ஜேர்மனியில் தண்டனை விபரங்களைக் காட்டும் அத்தகைய பொதுப் பதிவேடு இல்லை. இது இங்குள்ள முறைமையின் பெருங்குறை என்போம்.

ஆனால் இங்கும் வெளிவாசல் உண்டு. 2013இல் நடைமுறைக்கு வந்த நோயாளர் உரிமைச் சட்டம், சிகிச்சை பற்றி நோயாளிக்கு விளங்கும் வகையில் முன்கூட்டியே விளக்குவதை மருத்துவரின் கடமையாக்கியது. மொழி விளங்காத தாளில் ஒப்பம் வாங்குவது மாத்திரம் விளக்கம் ஆகாது. ஒப்பமிட்ட தாள்களின் பிரதியும், சிகிச்சைக் கோவையைப் பார்வையிடும் உரிமையும் நோயாளிக்கு உண்டு. கோவையின் முதற் பிரதியை இலவசமாகவே வழங்க வேண்டுமென ஐரோப்பிய நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்துள்ளது.

எனவே எம்மவர் செய்யவேண்டியது யாது? ஒப்பமிடுமுன் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். தவறு நேர்ந்ததெனச் சந்தேகித்தால், முதலில் கோவையின் பிரதியைப் பெறுங்கள். காலத்தை வீணாக்காதீர்கள்: ஆணைக்குழு ஐந்து ஆண்டுகளுக்கு முற்பட்ட சிகிச்சையை ஆராய்வதில்லை, நட்டஈட்டு வழக்கிற்கோ, தவறு தெரியவந்த ஆண்டின் முடிவிலிருந்து பொதுவாக மூன்று ஆண்டுகளே உண்டு.

பெரும்பாலான மருத்துவர் எமது நன்றிக்குரியவர். கேள்வி கேட்பது அந்த நன்றிக்கு இழுக்கல்ல. கேட்பாரற்ற நோயாளியாக எம்மவர் இருக்கும்வரை, எழுத்திலுள்ள உரிமை ஏட்டுச் சுரைக்காயாகவே இருக்கும்.