துருப்பிடித்த நட்டும் முறிந்த விரலும்



நட்டு, போல்ட்டு பற்றி எழுத டிரெசருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அதைக் கழற்றப் போய்க் கையைக் கிழித்துக்கொண்டு வருபவர்களுக்குத் தையல் போடுவது நான்தானே!

சென்ற மழைக்காலத்தில் ஒரு தம்பி வந்தார். டிரெய்லர் சக்கரத்தின் நட்டு துருவேறி இறுகிக் கிடந்திருக்கிறது. ஸ்பானரில் ஒரு குழாயைச் சொருகி, ஏறி நின்று மிதித்திருக்கிறார். ஸ்பானர் வழுக்கிவிட்டது. புறங்கை கிழிந்து, ஒரு விரல் எலும்பும் முறிந்துவிட்டது. "ஏன் தம்பி, எண்ணெய் விட்டு ஊற வைக்கலையா?" என்றேன். "விட்டேன் ஐயா. அஞ்சு நிமிஷம் பார்த்தேன், அசையலே" என்றார்.

அஞ்சு நிமிஷம் எப்படிப் போதும்? இரும்பு துருவாக மாறும்போது முன்னிலும் அதிக இடத்தை அடைக்கும். மரைக்குள் அது நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது. துரு இளக்கும் எண்ணெய் மிக மெல்லியது. விளக்குத் திரியில் மண்ணெண்ணெய் ஏறுவது போல, அந்த மயிரிழைச் சந்தில் தானாக ஊர்ந்து போகும். ஆனால் மெல்லத்தான் போகும். கெட்டியான எஞ்சின் எண்ணெய்க்கு அந்த வேலை ஆகாது. கம்பித் தூரிகையால் மேல் துருவைத் தேய்த்துவிட்டு எண்ணெய் விடுங்கள். சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். அரை மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி ஊற்றுங்கள். ரொம்பப் பழையது என்றால் இரவு முழுக்க ஊறட்டும். நட்டைச் சுற்றிப் பிடிக்கும் வளைய ஸ்பானரே நல்லது. வாய் திறந்தது வழுக்கும். முதலில் ஒரு துளி இறுக்கிப் பார்த்துவிட்டுப் பிறகு தளர்த்துங்கள். எண்ணெய் விட்ட இடத்தில் நெருப்புக் காட்டவே கூடாது.

தம்பிக்குப் பொறுமை இல்லை என்று சொல்லிவிடலாம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. செம்பனைப் பழத்தை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு அனுப்பப் பார்ப்பார்கள். வண்டி நின்றால் மண்டோர் கத்துகிறார். ஸ்டோரில் கேட்டால் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்கிறார்கள். 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தொழிலாளியின் பாதுகாப்பை முதலாளியின் கடமையாக வைத்திருக்கிறது. ஒரு டின் எண்ணெயும் அது ஊறுவதற்கு வேண்டிய நேரமும் அந்தக் கடமைக்குள் அடங்கும் என்பேன். அடுத்த கூட்டத்தில் கேளுங்கள்.

தாய்மார்களுக்கும் ஒன்று. மிச்ச எண்ணெயைக் கலர் போத்தலில் ஊற்றி அடுப்படியில் வைக்கும் பழக்கம் நம் லயத்து வீடுகளில் இன்னும் போகவில்லை. ஒரு குழந்தை அதைக் குடித்துவிட்டது. பதறிய பாட்டி உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தார். அங்கேதான் ஆபத்து. மண்ணெண்ணெய் போன்ற இந்த எண்ணெய்கள் வயிற்றில் இருப்பதைவிட, வாந்தியோடு நுரையீரலுக்குள் இறங்கினால்தான் அதிகக் கேடு. பிள்ளைக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்துதான் வீடு திரும்பியது. ஆகவே வாந்தி எடுக்க வைக்காதீர்கள். குடித்த போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

துரு கீறினால் இழுப்பு நோய் வரும் என்பார்கள். துரு அல்ல, மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமிதான் காரணம்; ஆழமான அழுக்குக் காயம் அதற்கு வசதி. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். மஞ்சளும் காப்பித்தூளும் அப்ப வேண்டாம், அதைச் சுரண்டி எடுப்பதற்குள் எனக்குப் பாதி நாள் போய்விடுகிறது. தடுப்பூசியை 10 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அழுக்குக் காயமென்றால் 5 ஆண்டு கடந்திருந்தாலே மறுபடி போட வேண்டும். கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று நினைவில்லையா? பெரட்டு முடிந்ததும் ஓர் எட்டு வந்துவிட்டுப் போங்கள்.