உயிரியலுக்கு அருகிலேயே ஒரு கல்லூரி

பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் நாள்களில் எல்லையோரக் கிளைகளில் கல்விக் கடன் விசாரணைகள் பெருகுகின்றன. வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வேலந்தாவளம் பகுதிகளிலிருந்து வரும் பெற்றோருடன் பேசுகையில் ஒரு மனப்போக்கை நாங்கள் தொடர்ந்து காண்கிறோம். உயிரியல் என்றால் மருத்துவம், மருத்துவம் கிட்டாவிட்டால் உயிரியலால் பயனில்லை என்பதே அது. நீட் தேர்வில் இடம் பெறாத பிள்ளை, தான் விரும்பிப் படித்த பாடத்தை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போகிறது. இல்லையேல் தொலைவிலுள்ள ஏதோவொரு தனியார் கல்லூரியில், பெயரளவில் மருத்துவத்தை ஒட்டிய ஒரு படிப்புக்குப் பெருந்தொகை செலுத்தப்படுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டு. வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவிலுள்ள கல்லூரியில், குறைந்த செலவில் உயிரியலை முறையாகப் படிப்பதே அவ்வழி. அதை இரண்டாந்தரமாகக் கருத வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை பிணையும் இல்லை, பெற்றோர் கையிலிருந்து போட வேண்டிய பங்குத் தொகையும் இல்லை. கடன் உத்தரவாதத் திட்டத்தின் கீழ் 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்கப்படுவதில்லை. கடன் எளிதில் கிடைப்பதால் திருப்பிச் செலுத்துவதும் எளிது என்று எண்ணிவிடுகிறோம். வட்டி 10 சதவீதம், தவணைக் காலம் 10 ஆண்டுகள் என்று வைத்துக்கொண்டால், 7.5 லட்சம் ரூபாய்க்கு மாதத் தவணை ஏறக்குறைய 9,900 ரூபாய். கடைசித் தவணை கட்டி முடிக்கையில் செலுத்திய மொத்தத் தொகை 11.8 லட்சம் ரூபாயைத் தாண்டியிருக்கும். படிப்புக் காலத்தில் சேரும் வட்டி இதற்கு மேல். மழை மறைவுப் பகுதியில், ஆழ்துளைக் கிணற்றை நம்பித் தென்னையும் காய்கறியும் பயிரிடும் ஒரு குடும்பத்திற்கு மாதம் பத்தாயிரம் என்பது சிறிய தொகையன்று. பட்டம் பெற்ற பிள்ளைக்கு முதல் வேலையில் கிடைக்கும் சம்பளத்தில் பெரும்பகுதியை அது விழுங்கிவிடும். கடன் கொடுப்பதே தொழிலாகக் கொண்ட நாங்கள் இதைச் சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் திரும்பிவராத கடனால் வங்கிக்கும் நன்மையில்லை, குடும்பத்திற்கும் நிம்மதியில்லை.

இப்பகுதி மாணவர்களுக்கு அருகில் இருப்பவை எளிய நிறுவனங்களல்ல. சித்தூர் அரசுக் கல்லூரி 1947 முதல் இயங்கி வருகிறது. தாவரவியல் கற்பிக்கும் அக்கல்லூரியிலேயே தமிழ்த் துறையும் உள்ளது. பாலக்காட்டில் 1866இல் பள்ளியாகத் தொடங்கி 1888இல் கல்லூரியாக உயர்ந்த அரசு விக்டோரியா கல்லூரியில் தாவரவியலும் விலங்கியலும் பயிலலாம். எல்லைக்கு அப்பால் கோயம்புத்தூரில் 1912இல் நிறுவப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையம், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தின் தென்மண்டல மையம், ஆனைகட்டியில் சாலிம் அலி பறவையியல் மையம் ஆகியவை இருக்கின்றன. உயிரியல் மாணவர் ஒருவருக்கு இத்தனை ஆய்வு நிறுவனங்கள் ஒருநாள் பயணத் தொலைவில் அமைவது பெருநகரங்களிலும் அரிது.

பட்டப்படிப்பு வேண்டாம், விரைவில் வேலைக்குப் போக வேண்டும் என்போருக்குச் சமுதாயக் கல்லூரி என்ற ஏற்பாடு உண்டு. அமெரிக்காவில் 1901இல் ஜோலியட் நகரில் தொடங்கிய இக்கருத்து, நம் நாட்டில் 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் வழியாகவும், 1996இல் சென்னைச் சமுதாயக் கல்லூரியின் வழியாகவும் வேரூன்றியது. உள்ளூர்த் தேவையை அறிந்து, குறைந்த கட்டணத்தில், செய்முறைப் பயிற்சியுடன் குறுகிய காலப் படிப்பைத் தருவதே அதன் நோக்கம். எங்கள் பார்வையில் எல்லையோரத் தாலுகாக்களுக்கும், இடுக்கியின் தேயிலைத் தோட்டப் பகுதிகளுக்கும் மிகவும் பொருந்தக்கூடிய ஏற்பாடு இது. உயிர் உரத் தயாரிப்பு, நாற்றங்கால் மேலாண்மை, நீர்ப் பரிசோதனை, பயிர் நோய் கண்டறிதல் ஆகியவற்றை இங்குள்ள பிள்ளைகள் இங்கேயே கற்க வழி செய்ய வேண்டும். அதை ஊராட்சிகளும் கல்லூரிகளும் சேர்ந்து கேட்டுப் பெற வேண்டும்.

உயிரியல் அறிவு நம் தோப்பிலேயே பயன் தரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2016இல் பொள்ளாச்சி, பாலக்காடு வட்டாரத் தென்னைகளில் சுருள் வெள்ளை ஈ என்னும் அயல்நாட்டுப் பூச்சி காணப்பட்டது. ஓலையின் அடிப்பகுதியில் சாற்றை உறிஞ்சும் இது வெளியேற்றும் இனிப்புக் கழிவின் மேல் கரும்பூசணம் படர்ந்து, ஓலைகள் கறுத்துப்போயின. கடுமையான பூச்சிக்கொல்லிகளைத் தெளிக்கப் பலர் முனைந்தனர். ஆனால் இந்த ஈயின் இளம் பருவத்திற்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் என்கார்சியா என்னும் நுண்ணிய குளவி தோப்புகளில் பெருகி வந்தது. மருந்து தெளித்தால் முதலில் மடிவது அந்தக் குளவியே. ஒட்டுண்ணி என்றால் என்ன, இயற்கை எதிரி எவ்வாறு பெருகுகிறது என்பதை அறிந்த ஒருவர் வீட்டில் இருந்தால் மருந்துச் செலவும் மிச்சம், தோப்பும் மிச்சம்.

இன்னொன்றும் நினைவில் கொள்ளத்தக்கது. தலசேரியில் 1897இல் பிறந்த ஈ. கே. ஜானகி அம்மாள் சென்னையில் தாவரவியல் பயின்று, பின்னர் கோயம்புத்தூர்க் கரும்பு நிலையத்தில் கரும்பின் கலப்பினங்களை ஆராய்ந்தார். முதுமையில் அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்கக் குரல் கொடுத்தோருள் அவரும் ஒருவர். அந்த இயக்கத்தை மக்களிடம் கொண்டுசென்றவர்களில் முதன்மையானவரான எம். கே. பிரசாத் ஒரு கல்லூரித் தாவரவியல் ஆசிரியர். 1983இல் அணைத் திட்டம் கைவிடப்பட்டது. மறு ஆண்டு அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பாலக்காடு மாவட்டத்தின் பெருஞ்செல்வமான அந்த மழைக்காடு இன்றும் நிற்பதில், வகுப்பறையில் செடியின் பெயர் சொல்லிக்கொடுத்த ஓர் ஆசிரியரின் பங்கும் இருக்கிறது.

இவ்வழியில் இடர்கள் இல்லாமல் இல்லை. முதலாவது மொழி. பள்ளியில் தமிழில் ஒளிச்சேர்க்கை என்று படித்த மாணவிக்குக் கல்லூரியில் பாடநூல் ஆங்கிலத்திலும், சுற்றிலும் பேச்சு மலையாளத்திலும் இருக்கும். முதற்பருவத்தில் பலர் தளர்வது பாடத்தால் அன்று, சொற்களால். தமிழ், ஆங்கிலம், மலையாளம் மூன்றிலும் கலைச்சொற்களை அடுக்கிய ஒரு கையேட்டைத் தமிழ்த் துறையும் அறிவியல் துறைகளும் இணைந்து உருவாக்கினாலே பாதிச் சுமை குறையும். இரண்டாவது வேலை. தாவரவியல் பட்டம் வேளாண்மைப் பட்டத்திற்கு ஈடாகாது. அதை மட்டும் வைத்து உடனே வேலை கிடைத்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. முதுகலை, ஆசிரியப் பயிற்சி, ஆய்வக நுட்பம், போட்டித் தேர்வு என அடுத்த படியையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். கேரளத்தில் 2024இல் தொடங்கிய நான்காண்டுப் பட்டத் திட்டத்தில் மூன்றாம் ஆண்டு முடிவில் பட்டத்துடன் வெளியேறவோ, நான்காம் ஆண்டு தொடர்ந்து ஹானர்ஸ் பெறவோ வழியுள்ளது. பெரிய கடனை அந்த அடுத்த படிக்கென்று வைத்துக்கொள்வது நல்லது. அதற்குள் பிள்ளையின் விருப்பமும் திறனும் தெளிவாகியிருக்கும்.

எந்தக் கல்லூரியானாலும் பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளைக் கேட்குமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். படிப்புக்குப் பல்கலைக்கழகத்தின் அல்லது உரிய மன்றத்தின் ஏற்பு உண்டா? ஆய்வகம் உண்மையில் இயங்குகிறதா? விடுதி, பயணம், தேர்வுக் கட்டணம் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? மூன்றுக்கும் எழுத்தில் விடை பெற்ற பின் கிளைக்கு வாருங்கள். கடன் தேவையா, எவ்வளவு தேவை என்பதைப் பிள்ளையையும் உடன் வைத்துக்கொண்டு பேசுவோம். திருப்பிச் செலுத்தப்போவது அப்பிள்ளைதான்.